நாலு மீசை

மேட்டூர் அணைப் பூங்காவை ஒட்டிய மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நிற்க இடம் கிடைப்பது சிரமம். ஒருபக்கம் வறுவல் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், இன்னொருபக்கம் பச்சை மீனை வெட்டித் தருவார்கள். அங்கே ஒரு அக்காவிடம், "என்ன மீனுங்க இது?" என்று கேட்டேன். "வெண்கெண்டைங்க. ராத்திரி வலையில உழுந்தது. கொழம்புக்கு நல்லா இருக்கும், எடுத்துக்கோங்க" என்றார். ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் மேலுதட்டை லேசாக மேலே தள்ளிப் பார்த்தேன். அரிசி முனை அளவுக்கு ஒரு மீசை, மறுபுறம் இன்னொன்று. வாய்க்கோணத்தில் தேடினேன். அங்கே ஒன்றுமில்லை. அந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மீனுக்கு மீசை எண்றவங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று சிரித்தார்.

இரண்டு மீசை என்றால் அது மிர்கால். கங்கையிலிருந்து வந்த மீன். மூக்கருகே ஒரு ஜோடி, வாய்க்கோணத்தில் ஒரு ஜோடி என்று நாலு மீசை இருந்தால்தான் அது காவிரியின் வெண்கெண்டை. முதுகுத் துடுப்பும் வேறு. காவிரி மீனுக்கு அதில் கதிர்கள் கூடுதலாக இருக்கும், துடுப்பின் முன்பகுதி பாய்மரம்போல உயர்ந்து நிற்கும். மற்றபடி இரண்டும் வெள்ளி நிறம், இரண்டும் ஆற்றடியில் மேய்பவை, இரண்டிலும் பொடிமுள் அதிகம். தட்டில் வைத்துவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்று மேட்டூரில் தொடங்கி மோகனூர் வரை எந்தச் சந்தையில் வெண்கெண்டை என்று கேட்டாலும் பெரும்பாலும் கைக்கு வருவது இரண்டு மீசைக்காரன்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் காவிரிக்கு என்ன நடந்தது என்பதை இந்த ஒரு மீனைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றுகிறது.

என் அம்மாயி பூலாம்பட்டிக் கரைக்காரர். எதிர்க்கரையில் நெருஞ்சிப்பேட்டை. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த ஆற்றைப் பார்த்தவர். அவர் பேச்சில் "அணைக்கு முந்தி" என்பது பஞ்சாங்கத்தில் வருடக் கணக்குப்போல வரும். அணைக்கு முந்தி ஆனி மாதம் பிறந்தால் ஆற்றில் தண்ணீரின் நிறம் மாறுமாம். குடகு மலையில் பெய்த மழை இங்கே வந்து சேரும்போது தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருக்கும், இரவில் படுத்துக் கேட்டால் வீட்டுத் திண்ணை வரை இரைச்சல் வரும். அந்தப் புதுத்தண்ணீருக்குக் கெண்டை மேலே ஏறும். வயிறு நிறைய முட்டையோடு, நீரோட்டத்துக்கு எதிராக, பாறை இடுக்குகளில் துள்ளித் துள்ளி ஏறும். அப்புச்சி வீச்சு வலையோடு போவாராம். ஆனால் முட்டைக் கெண்டை விழுந்தால் அதில் ஒன்றிரண்டைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார் என்று அம்மாயி சொல்வார். அது பாவம் பார்த்தா, நேர்ச்சையா, இல்லை அடுத்த வருடத்துக் கணக்கா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த கெண்டையைச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசுவார்கள். செதில் போன பிறகு உடம்பு பளபளவென்று வெள்ளித் தகடுபோல ஆகிவிடும். சின்ன வெங்காயத்தையும் மல்லியையும் வதக்கி அம்மியில் அரைத்து, பழைய புளியைக் கரைத்து, மண்சட்டியில் குழம்பு வைத்தால் அன்று சாப்பிடக் கூடாது, மறுநாள் காலையில் களியோடு சாப்பிட வேண்டும். பொடிமுள்ளை நாக்கால் பிரித்தெடுப்பது ஒரு வித்தை. எங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

அந்த ஓட்டம்தான் வெண்கெண்டைக்கு உயிர். மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது: பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் தானாக முட்டையிடாது. புதுவெள்ளம் வேண்டும், நீரின் கலங்கலும் குளிர்ச்சியும் மாற வேண்டும், கரையோரப் புல்வெளியில் தண்ணீர் ஏற வேண்டும். அப்போது ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை இடும். ஒட்டும் தன்மை இல்லாத அந்த முட்டைகள் நீரோட்டத்தோடு உருண்டு மிதந்தபடியே ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஓட்டம் நின்றுபோனால் அடியில் படிந்து, சேற்றில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அம்மாயி "ஆத்துக்கு இரைச்சல் இருந்தாத்தான் கெண்டை" என்று சொன்னதைத்தான் மீன் பண்ணைப் பாடநூல்கள் வேறு சொற்களில் சொல்கின்றன.

1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934-இல் முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார், நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே. 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. டெல்டாவுக்கு நாள் குறித்துத் தண்ணீர் போயிற்று. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்று ஒரு முறை வந்தது. தஞ்சைச் சீமையின் மூன்று போகம் அதனால்தான் நிலைத்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நீர் ஏறியபோது ஊர்கள் மூழ்கின. பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே சரியும் வருடங்களில் மெல்ல வெளியே வருகின்றன. அப்போது பரிசல் துறையில் கூட்டம் கூடும், கோபுரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மூழ்கிப்போன கோயில் மறுபடியும் கண்ணுக்குத் தெரிகிறது. மூழ்கிப்போன பாறை மடுக்களும், கெண்டை முட்டையிட்ட ஆற்றோரப் புல்வெளிகளும் தண்ணீர் வற்றினால்கூட அப்படித் தெரிவதில்லை. மேலே மேலே வண்டல் படிந்துவிட்டது.

தடுப்புக்குக் கீழே இருந்த மீனால் மேலே போக முடியவில்லை. மேட்டூர் அணையில் மீன் ஏறும் வழி இல்லை. ஆனால் மேலே இருந்த மீனுக்கு ஒகேனக்கல் வரை ஆறு மிச்சம் இருந்தது. அதனால்தான் அணை கட்டிய தொடக்க வருடங்களில் நீர்த்தேக்கத்து வலைகளில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை காவிரியின் சொந்தக் கெண்டைகள்தான். வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை இவற்றோடு ஆறு தந்த வேறு பெருங்கெண்டைகளும் பரிசல் பரிசலாக வந்தன. அப்போது பரிசலுக்கு மூங்கில் பின்னலின் மேல் எருமைத்தோல் போர்த்துவார்கள், பின்னால் தார் பூசிய சாக்கு வந்தது, இப்போது பைபர். மீன்பிடிக்கு ரங்கூன் வலை. மீன் மிகுந்த நாளில் கொளத்தூர்ப் பக்கத்தில் கருவாடு போடக் கல்லில் இடம் போதாது என்று பழைய மீனவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு அவர் அப்பா சொன்னது.

பிறகு வடக்கிலிருந்து கட்லா வந்தது. பெரிய தலை, சீக்கிரம் வளரும் உடம்பு, நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் பழக்கம். ஓடும் ஆறு இருந்த இடத்தில் உருவான பெரிய ஏரிக்கு அது பொருந்தியது. ரோகுவும் மிர்காலும் தொடர்ந்தன. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியாவை நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். அது கெண்டையே அல்ல. குட்டையிலும் சாக்கடையோரத்திலும்கூட முட்டையிட்டு வாய்க்குள் வைத்துக் காக்கும் அதற்கு முன்னால், வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வந்தால் மட்டுமே பிள்ளை பெறும் வெண்கெண்டை எப்படி நிற்கும்?

இங்கே ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. ஹிராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அவரும் சகாக்களும் கெண்டையின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி, குளத்து நீரிலேயே மீனை முட்டையிட வைத்தார்கள். இன்று ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். அதுவரை மீன் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்துதான் அள்ள வேண்டும். அந்த ஊசி வந்ததும் குஞ்சுக்கு ஆற்றை நம்ப வேண்டிய தேவை போயிற்று. வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டு வெள்ளம்போல ஏமாற்றி, லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறார்கள். மேட்டூரிலேயே அரசு மீன் பண்ணை இருக்கிறது. மேல்நீரில் கட்லா, நடுநீரில் ரோகு, அடிநீரில் மிர்கால் என்று மூன்று அடுக்காக வளர்க்கும் முறை நாடெங்கும் பரவியது. நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர் பக்கத்துக் குளத்துக்குக் கோழி எரு போடுகிறார், எடப்பாடிப் பக்கம் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஆக்சிஜன் அடைத்த பைகளில் விரலளவுக் குஞ்சுகளை வாங்கி வந்து ஏரியில் விடுகிறார். ஏழைக்கும் கிலோ கணக்கில் மீன் கிடைக்கிறது. இதில் எனக்குச் சண்டை இல்லை. என் மனக்குறை எல்லாம் ஒன்றுதான்: கங்கை மீனுக்கு ஊசியும் தொட்டியும் கிடைத்த அந்த எழுபது வருடத்தில், காவிரி மீனுக்கு இருந்த ஆறும் போய்விட்டது.

அணைக்குக் கீழே நடந்ததை அணையைவிடப் பெரியதாக நான் நினைக்கிறேன். மேட்டூரிலிருந்து ஈரோடு வரை காவிரியில் நடந்து பார்த்தவர்களுக்கு அது ஆறாகத் தெரியாது, ஏரிகளின் வரிசையாகத் தெரியும். செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, அதற்கும் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவணைகள். மேட்டூருக்குக் கீழுள்ள முதல் நான்கும் தலா 30 மெகாவாட் மின் நிலையங்கள். மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் ஒரு கதவணைத் தேக்கத்தின் வால் முடிகிற இடத்தில் அடுத்ததன் தலை தொடங்குகிறது. பூலாம்பட்டியில் இன்று படகுச் சவாரி நடக்கிறது, சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், நீர்ப்பரப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாக விரிந்து கிடக்கிறது. அம்மாயி வீட்டுத் திண்ணையில் போன வருடம் ஒரு இரவு படுத்திருந்தேன். ஆற்றின் சத்தமே கேட்கவில்லை. எதிர்க்கரையில் ஓடும் பஸ்ஸின் ஹாரன்தான் தெளிவாகக் கேட்டது.

அதற்குக் கீழே குமாரபாளையம், பள்ளிபாளையம். சாயத் தண்ணீரைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை, அந்த ஊர்க்காரர்கள் ஆற்றின் நிறத்தை வைத்தே அன்று என்ன சாயம் ஓடியது என்று சொல்லிவிடுவார்கள். சேலத்து நடுவே ஓடிவரும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும்போது நகரச் சாக்கடையையும் சேகோ ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது. மரவள்ளிக் கிழங்குக் கழிவு அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அடித்தரையில் மேயும் மீனுக்குத்தான் முதல் அடி விழும், ஏனென்றால் கழிவு படிவது அங்கே. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. மணலும் கூழாங்கல்லும் இருந்த அடித்தரையில் சேறு மட்டும் மிஞ்சியது. நீர்த்தேக்கத்தில் கொளத்தூர், பண்ணவாடிப் பக்கம் சில வருடங்களில் பச்சைப் பாசி படர்ந்து வீசும் நாற்றத்தில் கரையில் நிற்க முடிவதில்லை.

மீன் குறைவது ஒரு துக்கம். பெயரும் சேர்ந்து போவது வேறு துக்கம், எனக்கு அதுதான் ஆறவில்லை. 1795-இல் பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்கஸ் ப்ளாக் தென்னிந்தியாவிலிருந்து போன மீனைப் பார்த்து அதற்கு 'சிர்ரோசஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார். சுருள் மயிர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மீசையை வைத்து வைத்த பெயர். 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது அங்கிருந்த மீனுக்கு 'மிருகலா' என்று தனிப் பெயர் தந்தார். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1870களில் இந்திய மீன்களைத் தொகுத்தபோதும் இரண்டும் இரண்டாகவே இருந்தன. 1997-இல் ஒரு ஆய்வாளர் இரண்டும் ஒரே இனம்தான் என்று சேர்த்துவிட்டார். பழைய பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே பல பட்டியல்களில் பண்ணை மிர்கால் 'சிர்ரைனஸ் சிர்ரோசஸ்' ஆகிவிட்டது. காவிரி மீனின் பெயரில் கங்கை மீன் டன் டன்னாக விற்கப்பட்டது. ஒரு இனம் அழிந்துகொண்டிருக்கும்போது கணக்கில் அது பெருகிக்கொண்டிருந்தது என்றால், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இப்போது பல மீனியலாளர்கள் மறுபடியும் பிரித்துவிட்டார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் காவிரி, கிருஷ்ணா, கோதாவரியின் இந்த மீன் அழிவாய்ப்பு இனமாக நிற்கிறது.

காவிரியின் இன்னொரு பெரிய பிள்ளைக்கும் இதே கதைதான் நடந்தது. மேட்டூருக்கு மேலே, மலையிடுக்கு ஆற்றில் வாழ்ந்த கூன்முதுகு மாசீர். 1946-இல் 120 பவுண்டு எடையில் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள். உலகமெல்லாம் புகழ்பெற்ற அந்த மீனின் அறிவியல் பெயர் இன்னதென்று 2018-இல்தான் உறுதியானது. அந்த வருடமே அதை மிகவும் அருகிய இனம் என்று அறிவிக்கவும் வேண்டியிருந்தது. பெயர் கிடைக்கும்போது மீன் விளிம்பில் நின்றது. வெண்கெண்டையிடம் பெயர் ஆதியிலிருந்தே இருந்தது, நாம் அதை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டோம்.

தமிழில் குழப்பம் இன்னும் கூடுதல். சீனாவிலிருந்து வந்த மீனுக்கு வெள்ளிக்கெண்டை என்று பெயர், கடையில் அதையும் வெண்கெண்டை என்கிறார்கள், மிர்காலையும் வெண்கெண்டை என்கிறார்கள். கயல்விழி என்றும் சேல்விழி என்றும் பெண்ணுக்குப் பெயர் வைத்த மொழி இது. எந்தக் கயல், எந்தச் சேல் என்று அன்றைக்குப் பாடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காவிரி மீன் ஐந்து சொல்லச் சொன்னேன். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, பாறை என்றார்கள். பாறை கடல் மீன்.

மாற்ற முடியாதா என்றால், கொஞ்சம் முடியும் என்றுதான் நினைக்கிறேன். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் ஆறுகளில் நாட்டு இனக் குஞ்சுகளை விடுவதற்கு இடம் இருக்கிறது. விடுவது மிர்காலா, நாலு மீசைக்காரனா என்று ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அதற்குப் பெரிய செலவில்லை. ஊசி மிர்காலுக்கு வேலை செய்கிறதென்றால் வெண்கெண்டைக்கும் வேலை செய்யும். ஒகேனக்கல்லுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நடுவில் ஓட்டமுள்ள ஆறு இன்னும் இருக்கிறது, ஆனி ஆடியில் முட்டைமீன் ஏறும் ஆறேழு வாரத்துக்கு அங்கே சின்னக்கண் வலையையும் வெடியையும் நிறுத்தினால் போதும். சேலம் மாவட்டத்தில் மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதல் கட்டம் 2021-இல் தொடங்கியது. வறண்டு கிடந்த ஏரிகளுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. அதில் ஒரே ஒரு ஏரியையாவது குத்தகைக்கு விடாமல், ஆற்று மீனுக்கென்று ஒதுக்கிவைத்தால், தாய்மீன் வளர்க்க ஓர் இடம் கிடைக்கும்.

போன மாசி மாதம் பண்ணவாடிக்குப் போயிருந்தேன். தண்ணீர் இறங்கியிருந்த கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் நாலு மீசைக் கணக்கைச் சொன்னேன். அவர் பரிசலில் கிடந்த மீன்களில் மிர்காலை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்தார். பதினொன்று இருந்தது. இருவரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். பதினொன்றிலும் இரண்டிரண்டுதான்.

"எங்கய்யன் வாய்க்கோணத்து மீசையப் பத்திச் சொல்லிருக்காருங்க. நான்தான் மறந்துபோயிட்டேன்" என்றார். கையைத் தண்ணீரில் அலசிவிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "இப்பத் தேடி என்னங்க பிரயோசனம். புதுத்தண்ணி வரட்டும். இருந்துச்சுன்னா அப்பத்தான் மேல ஏறும். ஆடியில கூப்புடறேனுங்க."